கயிற்றுக்கு ரசீது உண்டு

மூக்கிலிருந்து இடுப்புவரை தில்லிக்குச் சொந்தம்.
கடிதம் இருக்கிறது: கடனாக வழங்கப்பட்டது,
கேட்டால் திருப்பித் தர வேண்டியது,
பறக்கத் தகாதது.

வால் காதர் மொய்தீனுடையது.
இரும்புக்கடைக்காரர். ஏலத்தில் பதினோராயிரத்துக்கு எடுத்து
கடை வாசலில் மழைக்கு மறைப்பாய் வைத்திருந்தார்.
பூட்டிப் பார்த்தோம், பொருந்தியது.
எண்தான் பொருந்தவில்லை:
மூன்று பூச்சு பெயின்டுக்கு அடியில்
உடலுக்கு ஓர் எண், வாலுக்கு வேறு.
எழுதிக் கொடுங்க பாய், என்றோம்.
‘எழுதிக் கொடுத்துட்டா அப்பறம் என்னுது இல்லையே’
என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் தையல்நாயகி. சங்கத்துக்குப் பொருளாளர்.
வார நாட்களில் கூட்டுறவு வங்கி, நகைக்கடன் பிரிவு.
பிறத்தியார் பொருளைப் பூட்டிவைப்பது பழகிய வேலைதான்.
ஆனால் அங்கே அடகுச் சங்கிலிக்கு
யாரும் மெருகு போடுவதில்லை.

திருத்துறைப்பூண்டியில் மூடிப்போன அரிசி ஆலையின் கிடங்கு.
ஞாயிறு பத்து மணிக்கு ஆறு பேர். அறுவடை என்றால் மூன்று பேர்.
வேதாரண்யத்து உப்பு காற்றில் ஏறி வரும்.
அலுமினியம் துருப்பிடிக்காது; பூக்கும்,
ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் வெள்ளை வெள்ளையாய்.
பூப்பறிக்கப் போகலாமா என்பார் வெல்டிங் இருதயராஜ்,
கையில் பல்தேய்க்கும் பிரஷ்ஷோடு.

நாட் ரகம். பூச்சியின் பெயராம், கொசுவுக்குப் பங்காளி.
சாயங்காலம் ஆறு மணிக்கு அதன் சொந்தக்காரர்கள்
மேகமாய் உள்ளே வருவார்கள்.
பீரங்கித் துவாரத்தில் வலை அடித்திருக்கிறோம், குளவிக்காக.
பள்ளிப் பிள்ளைகள் வலையில் விரலை வைத்து
எத்தன பேரச் சுட்டுச்சு, என்று கேட்கும்.
பறந்த கணக்குப் புத்தகம் கூட வரவில்லை.
சண்டைக்குப் போனது உடம்பா வாலா
அதுகூடத் தெரியாது தம்பி, என்றேன் ஒருமுறை.
அவன் வாலைத் தொட்டுவிட்டு
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

கஜா வந்த இரவு. ஐப்பசி முடிய ஒரு நாள்.
இஞ்சின் இல்லாத வயிறு, பாதி எடை.
மணல் மூட்டை போட்டோம், டிராக்டர் சங்கிலி போட்டோம்,
போதாது என்றார் இருதயராஜ்.
ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த கயிற்றுக்கடைக்காரரை நிறுத்தி
இருநூறு அடி நார்க்கயிறு வாங்கினேன்.
ரசீது கேட்டேன். முறைத்துவிட்டுப் போட்டார்.

ஒன்றரை மணிக்குக் கூரைத் தகரம் ஒவ்வொன்றாய்க் கிளம்பியது.
அப்புறம் ஒரு சத்தம். டொக். டொக்.
இரண்டு வருஷமாய் எண்ணெய் விட்டும் அசையாத சுக்கான்
இடமும் வலமும் திரும்பிக்கொண்டிருந்தது,
உள்ளே யாரோ மிதிப்பதுபோல.
மூக்குச் சக்கரம் தரையைவிட்டு ஒரு சாண் எழுந்தது.
மூன்று பேரும் கயிற்றில் தொங்கினோம்.
நாற்பது வருஷத்தில் முதல்முறை
அது போகப் பார்த்தது.
காப்பாற்ற வந்தவர்கள் விடவில்லை.

விடிந்தபோது கண்ணுக்கெட்டியவரை தென்னை நிற்கவில்லை.
நார் நின்றிருந்தது.

தை மாதம் தில்லிக் கடிதம்:
சேத விவரம், நான்கு பக்கப் புகைப்படம் அனுப்புக.
அனுப்பினோம். பதில் வந்தது:
இறக்கையில் கயிறு உராய்ந்த தடம் காணப்படுகிறது,
யார் அனுமதியில் கட்டினீர்கள்?
காதர் பாய் வந்து வாலை மட்டும்
சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

பங்குனியில் தணிக்கை.
விமானத்த எந்தப் பக்கம்மா எழுதுறது, என்றார் ஆடிட்டர்.
சொத்து என்றால் பொய்.
கடன் என்றால் யார் அடைப்பது, எதைக் கொண்டு?
பேனாவை மூடிவைத்துக் கொஞ்ச நேரம்
அண்ணாந்து புதுத் தகரத்தைப் பார்த்தார்.

கடைசியில் சொத்துப் பத்தியில் ஏறியது இவ்வளவு:
ஏணி இரண்டு. மண்ணெண்ணெய் ஒரு கேன்.
பிரஷ் பதினான்கு, தேய்ந்தவை.
நார்க்கயிறு இருநூறு அடி, ஓரிடத்தில் முறுக்கு விட்டது.

கயிறு எங்களுடையது.
ரசீது இருக்கிறது.